சுசுகி எஸ்.ஜே.413: கார்புரேட்டரை மாற்றி, புகைச் சோதனையிலும் தேறுவது எப்படி

வண்டியை வாங்கிய அன்று மாலை பானெட்டைத் திறந்தேன். ஆறு ரப்பர் குழாய்களின் வாயை மர ஸ்க்ரூ திருகி அடைத்து வைத்திருந்தார்கள். ஏழாவது ஒரு குழாய் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, இதெல்லாம் வேண்டாத குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார். 1986-ஆம் வருடத்து சுசுகி எஸ்.ஜே.413 அது. 1,324 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் ஐசான் கார்புரேட்டர், நாலு சக்கர இழுவை. 1985 டிசம்பரில் மாருதி கொண்டுவந்த ஜிப்சியும் இந்தக் குடும்பம்தான் என்பதால், ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

அந்த வண்டியில் ஐசானைக் கழற்றிவிட்டு வெபர் 32/36 என்ற வேறு கார்புரேட்டரை மாட்டினேன். கார்புரேட்டரை மாற்றுவதற்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. அந்த ஆறு குழாய்கள் எதற்கு என்று புரிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுக்க மூன்று மாதம் ஆயிற்று. புகைச் சோதனையில் வண்டி தேறியதற்கு அந்த மூன்று மாதம்தான் காரணம். அதனால் இந்தக் குறிப்பில் ஸ்பேனர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, குழாய்களையும் ஐடில் ஜெட்டையும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடில் நிலையில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) பற்றி விரிவாக எழுதுகிறேன்.

விதியை முதலில் படியுங்கள்

எந்த கார்புரேட்டர் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் வண்டிக்கு எந்த விதி பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு. ஆனால் எல்லாமே இரண்டு வகைக்குள் அடங்கும்.

முதல் வகையில் சைலன்சர் குழாயில் கருவியை விட்டு அளப்பார்கள்; அளவு எல்லைக்குள் இருந்தால் போதும். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைத் தரத்துக்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.மையும் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) தாண்டக் கூடாது. பிரிட்டனில் வண்டி முதன்முதலாக ஓடத் தொடங்கிய தேதிதான் கணக்கு. 1975 ஆகஸ்ட் முதல் 1986 ஜூலை முடிய வந்தவற்றுக்கு மோனாக்சைடு 4.5 சதவீதம், 1986 ஆகஸ்டுக்குப் பிறகு, 1992 ஜூலை முடிய வந்தவற்றுக்கு 3.5 சதவீதம். இரண்டுக்குமே ஹைட்ரோகார்பன் 1,200 பி.பி.எம். என் வண்டி மாதிரி 1986-இல் வந்தது என்றால் மாதத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகையில் அளப்பதோடு கண்ணாலும் பார்ப்பார்கள். கலிஃபோர்னியா இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1975-ஆம் மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குச் சோதனையே கிடையாது. 1976-இலிருந்து வந்தவற்றில், தொழிற்சாலை பொருத்திய புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருந்தாக வேண்டும். வேறு கார்புரேட்டர் மாட்டினால், அந்த வருட மாடலுக்கும் அந்த எஞ்சினுக்கும் என்று மாநிலக் காற்று வாரியம் கொடுத்த விலக்கு எண் அதற்கு இருக்க வேண்டும். அளவு எவ்வளவு சுத்தமாக வந்தாலும், எண் இல்லாவிட்டால் வண்டி தேறாது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் எண்ணை முதலில் தேடி, அந்த எண் உள்ள கார்புரேட்டரை மட்டும் வாங்குங்கள். எண்ணில் எழுதியிருக்கும் எஞ்சின், வருடம், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் சென்சாரும் சின்ன கணினியும் சேர்ந்து கார்புரேட்டரை ஆளும் மாடலாக உங்கள் வண்டி இருந்தால், சாதாரண வெபர் அதற்குச் சரியான மாற்று இல்லை. அந்தக் கணினி இல்லாமல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் மூன்று வழி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்ய முடியாது.

என் வண்டியில் கணினி கிடையாது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கிடையாது. கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட வண்டிக்குத்தான்.

பழையதைக் கழற்றுவதற்கு முன் அளந்து வையுங்கள்

எதையும் தொடுவதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை புகைக் கருவியில் காட்டி, அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று வந்தது மோனாக்சைடு 6.1 சதவீதம், ஹைட்ரோகார்பன் 900. இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் இருந்திருந்தால், மாற்றியதால் முன்னேற்றமா பின்னடைவா என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம், குற்றவாளி கார்புரேட்டர்தானா என்று உறுதி செய்யுங்கள். பல நேரம் அது இல்லை. எஞ்சின் உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் வழி) மாட்டினால், நல்ல எஞ்சினில் கடல் மட்டத்தில் ஐடிலில் முள் 17-க்கும் 21 பாதரச அங்குலத்துக்கும் நடுவே ஆடாமல் நிற்கும். நீங்கள் இருக்கும் இடம் 300 மீட்டர் உயர உயர சுமார் ஒரு அங்குலம் குறையும். முள் ஒரே தாளத்தில் துடித்தால் வால்வில் கோளாறு. சீராக நின்றாலும் 12, 13 என்று கீழேயே இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், பின்தங்கியிருக்கிறது. வால்வு இடைவெளி, பிளக், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, கம்ப்ரஷன் எல்லாவற்றையும் பார்த்து முடியுங்கள். இவற்றைச் சரிசெய்ததிலேயே என் வண்டியின் ஹைட்ரோகார்பன் 900-இலிருந்து 520-க்கு வந்துவிட்டது. பழைய கார்புரேட்டரைத் தொடவே இல்லை.

பழைய கார்புரேட்டரில் கட்டாயம் பார்க்க வேண்டியது த்ராட்டில் தண்டு, அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காற்று வழியைத் திறக்கும் தகட்டின் தண்டு. அதை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தண்டு நுழையும் துளை தேய்ந்திருந்தால் கிடுகிடுவென்று ஆடும், அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். அதற்கு புஷ் (தேய்ந்த துளைக்குள் புது உலோக வளையம்) அடிக்கிற ஆள் கிடைத்தால், பழையதையே பிரித்துக் கழுவி, புது கேஸ்கெட் செட் போட்டு ஓட்டுவதுதான் என் முதல் ஆலோசனை. விதிக்கும் அதுதான் நல்லது. என்னுடையதில் தண்டுத் துளை முட்டை வடிவமாகவே ஆகியிருந்தது, அடிப்பகுதியும் வளைந்திருந்தது. அதனால்தான் மாற்றினேன்.

எந்த கார்புரேட்டர்

பெரிதாக மாட்டினால் பிக்கப் கூடும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 1.3 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது, நிரம்புதிறன் (சிலிண்டர் காற்றால் நிரம்பும் அளவு) 80 சதவீதம் என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,200 லிட்டர் காற்றுதான் இழுக்கும். வெபர் 32/36 இதைவிட அதிகமாகவே கொடுக்கும். அதற்கும் பெரியதைத் தேடினால், குறைந்த சுற்றில் வெஞ்சுரி என்ற குறுகிய தொண்டையில் காற்றின் வேகம் விழுந்து, பெட்ரோல் துளியாகச் சிதறாமல் ஒழுகும். பாறையில் ஊர்ந்து ஏறுவதற்கு உங்களுக்கு வேண்டியதே குறைந்த சுற்று இழுவைதான்.

32/36 என்றால் முதல் பீப்பாயின் (காற்று இறங்கும் வழி) த்ராட்டில் 32 மி.மீ., இரண்டாவது 36 மி.மீ. உள்ளே வெஞ்சுரி 26-உம் 27-உம்தான். முதல் பீப்பாய் பெருமளவு திறந்த பிறகே இரண்டாவது திறக்கத் தொடங்கும் என்பதால் சின்ன எஞ்சினிலும் ஒத்துப்போகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுப்பது சோக். டி.ஜி.வி. என்றால் கையால் இழுக்கும் சோக், டி.ஜி.ஏ.வி. என்றால் ரேடியேட்டர் தண்ணீரால் திறக்கும் சோக், டி.ஜி.இ.வி. என்றால் மின்சார சோக். நான் டி.ஜி.இ.வி. எடுத்தேன். கை சோக்கை உள்ளே தள்ள மறந்து ஓட்டினால் அந்த நேரம் முழுக்கப் புகைதான். அசலைப் போலவே தோன்றும் நகல்கள் நிறைய விற்கிறார்கள். நகல் என்றால் ஜெட்டில் பொறித்த எண்ணும் உள்ளே இருக்கும் துளையும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. புகை அளவைக் கட்டுப்படுத்தப் போவதே அந்தத் துளைதான் என்பதால் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் பழையதில் எத்தனை குழாய் மூக்குகள் இருக்கின்றன, புதியதில் எத்தனை என்று எண்ணுங்கள். என் ஐசானில் ஆறு. வெபரில் வேக்குவம் மூக்கு ஒன்றே ஒன்று. மீதி எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே நான் பணம் கொடுத்தேன்.

குழாய்கள்

என் வண்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்களுடையதில் எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் போன வண்டியில் குழாய் அமைப்பு வேறு. பானெட்டின் அடியில் வேக்குவம் படம் ஒட்டியிருந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. படம் கிழிந்துபோயிருந்தால் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாய். அது த்ராட்டில் தகடு மூடியிருக்கும்போது தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும் துளையோடு சேர வேண்டும். ஐடிலில் அங்கே வேக்குவம் இருக்காது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் வரும். வெபரில் இருக்கும் ஒற்றை மூக்கு இந்த வகைதான். இதைத் தவறுதலாக மேனிஃபோல்டில் நேரடியாகச் சேர்த்தால் ஐடிலிலேயே டைமிங் முன்னே ஓடிவிடும். சுற்று கூடும், அதைக் குறைக்க நீங்கள் ஸ்க்ரூவைத் திருகுவீர்கள், அப்புறம் எந்த அளவும் நிலையாக நிற்காது.

அடுத்தது பி.சி.வி. குழாய். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை மீண்டும் உள்ளே இழுத்து எரிக்கும் வழி இது. 1960களின் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவில் புது வண்டிகளுக்கு வந்துவிட்ட ஏற்பாடு, இன்றுவரை மாறவில்லை. இது த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் சேர வேண்டும். புது கார்புரேட்டரை மேனிஃபோல்டில் உட்கார வைக்கும் அடாப்டர் தட்டில் அதற்கான மூக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இதை அடைத்துவிட்டு, மறுமுனையில் காற்றில் விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆயில் கெடும், சீல்கள் ஒழுகும், கண்ணால் பார்க்கும் சோதனையில் முதல் பார்வையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சார்கோல் கேனிஸ்டர், அதாவது கரி நிரப்பிய டப்பா. பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது கொடுக்கும். இதற்கு டேங்கிலிருந்து வருவது ஒரு குழாய், எஞ்சினுக்குப் போவது ஒரு குழாய், பழைய கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்திலிருந்து வந்தது ஒரு குழாய். வெபரின் கிண்ணம் ஏர் ஃபில்டருக்குள்ளேயே மூச்சு விடுகிறது. அதனால் மூன்றாவது தேவையில்லை, கேனிஸ்டர் பக்கம் ரப்பர் மூடி போட்டு அடைத்தேன். டேங்க் குழாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். என் வண்டியில் அதையும் ஸ்க்ரூவால் அடைத்திருந்தார்கள். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று காற்று சீறியதற்கு அதுதான் காரணம்.

இங்கே நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. வேக்குவம் குழாய்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் காற்று ஓடவே ஓடாது. மறுமுனையில் ஒரு சவ்வை இழுப்பது மட்டும்தான் அதன் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் குழாய், கேனிஸ்டர் வால்வைத் திறக்கும் மெல்லிய குழாய், புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வின் சிக்னல் குழாய் எல்லாம் இந்த வகை. இவற்றை டி-மூக்கு போட்டு ஒரே துளையிலிருந்து பிரித்துக்கொள்ளலாம். மற்றொன்றில் காற்றோ ஆவியோ உண்மையிலேயே ஓடும்: பி.சி.வி., கேனிஸ்டரின் தடித்த குழாய், பிரேக் பூஸ்டர். இவற்றை முதல் வகையோடு சேர்த்தால் சவ்வை இழுக்க வேக்குவம் மிஞ்சாது. நான் முதலில் கேனிஸ்டரின் தடித்த குழாயை டிஸ்ட்ரிபியூட்டர் குழாயோடு சேர்த்துவிட்டு, மேட்டில் வண்டி ஏன் சோர்கிறது என்று இரண்டு வாரம் தேடினேன். தடித்ததை மேனிஃபோல்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

குழாய் வாங்கும்போது வேக்குவத்துக்கென்று விற்கும் தடித்த சுவருள்ள ரப்பர் வாங்குங்கள். மெல்லியது சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

மாட்டுவது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், பெட்ரோல் மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள், திறந்த வெளியில் வேலை செய்யுங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்த பிறகு கழற்றுங்கள். கார்புரேட்டரைத் தூக்கிய மறுவினாடி மேனிஃபோல்ட் வாயில் சுத்தமான துணியைத் திணியுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.

மேனிஃபோல்டின் முகத்தைப் பழைய கேஸ்கெட் துணுக்கு இல்லாமல் சுரண்டி, நேர் ஸ்கேலை வைத்துச் சமமா என்று பாருங்கள். அடாப்டர் தட்டைப் பொருத்தும்போது, உள்ளே உட்காரும் ஸ்க்ரூக்களுக்கு மறக்காமல் கழலாமல் பிடிக்கும் பசை (த்ரெட் லாக்) போடுங்கள். அவை கழன்றால் நேரே எஞ்சினுக்குள்தான் போகும். கேஸ்கெட்டின் துளை அடாப்டரின் துளையைவிடச் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் சரிசெய்யுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வெபரின் அடிப்பகுதி அலுமினியம். பலம் காட்டினால் வளையும், வளைந்தால் காற்று ஒழுகும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி தொட்டுப் பாருங்கள், கேஸ்கெட் அமுங்கியதில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பெட்ரோல் கிண்ணம் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்குமாறு உட்கார வையுங்கள். மேட்டில் ஏறும்போது பெட்ரோல் பின்னால் சாயும். ஜெட்டுகள் கிண்ணத்தின் பின்பக்கம் இருந்தால் அவை மூழ்கியே இருக்கும், எஞ்சின் பட்டினி கிடக்காது. இறக்கத்தில் பெட்ரோல் முன்னால் போனாலும் அப்போது எஞ்சினுக்கு அதிகம் தேவைப்படாது.

வெபருக்கு 3.5 பி.எஸ்.ஐ.-க்கு (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் பெட்ரோல் அழுத்தம் ஆகாது. கேஜ் போட்டு அளந்துவிடுங்கள். என் பம்ப் 4.5 காட்டியது. ரெகுலேட்டர் வைத்து 3-க்கு இறக்கினேன். இதைச் செய்யாமல் விட்டால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வு அழுத்தத்தைத் தாங்காமல் கிண்ணம் நிரம்பி வழியும். அப்படி வழியும்போது எந்த ஜெட் மாற்றினாலும் மோனாக்சைடு இறங்காது. டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய் பம்பிலிருந்து போகிறது என்றால் அப்படியே விடுங்கள். பழைய கார்புரேட்டரிலிருந்து போனது என்றால், கார்புரேட்டருக்குச் சற்று முன்னால், திருப்பும் மூக்கு சின்னதாக உள்ள மூன்று மூக்கு ஃபில்டர் போட்டு அதில் சேருங்கள். வெறுமனே அடைத்தால், வெயிலில் நின்ற வண்டியில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி மக்கர் செய்யும்.

மின்சார சோக்குக்கும் ஐடில் சாலினாய்டுக்கும் (ஐடில் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) சாவி போட்டால் மட்டும் முழு 12 வோல்ட் வரும் வயர் வேண்டும். இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்காதீர்கள். ரெசிஸ்டர் வழியாக வரும் காயிலில் வோல்ட் குறைவாக இருக்கும், சோக் பாதியிலேயே நிற்கும். கடைசியாக, ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, நீங்கள் மேலிருந்து இரண்டு த்ராட்டில் தகடும் செங்குத்தாகத் திறக்கின்றனவா, விட்டதும் டக்கென்று மூடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவதாக ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் போட்டுவிடுங்கள்.

ஐடிலை அமைப்பது

புகைச் சோதனை நடப்பது ஐடிலில். ஐடிலில் பெட்ரோல் வருவது ஐடில் ஜெட் வழியாக. ஓட்டும்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். அது இந்தச் சோதனைக்கு ஏறக்குறைய சம்பந்தமே இல்லாத ஜெட். ஜெட்டில் இருக்கும் எண் துளையின் அளவு: 50 என்றால் 0.50 மி.மீ., 140 என்றால் 1.40 மி.மீ.

முதலில் இக்னிஷன் டைமிங்கை லைட் போட்டுச் சரிசெய்யுங்கள். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கட்டும், சோக் முழுக்கத் திறந்திருக்கட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, த்ராட்டில் எவ்வளவு திறந்து நிற்கும் என்பதை அமைக்கும் வேக ஸ்க்ரூவை லிவரைத் தொடாத அளவுக்கு வெளியே திருகி, பிறகு தொடும்வரை உள்ளே கொண்டுவாருங்கள். அங்கிருந்து அரைச் சுற்று உள்ளே. ஐடிலில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக, அழுத்தாமல் கடைசிவரை உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள்.

மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஒரு கட்டத்தில் எஞ்சின் தடுமாறும். அங்கிருந்து வெளியே வாருங்கள். சுற்று கூடிக் கூடி ஓரிடத்தில் கூடுவது நிற்கும். அதற்கு மேல் வெளியே எடுத்தாலும் வேகம் கூடாது, பெட்ரோல்தான் வீணாகும். கூடுவது நின்ற அந்த முதல் இடத்தில் விட்டுவிடுங்கள். பிறகு வேக ஸ்க்ரூவால் சுற்றைக் குறையுங்கள், மறுபடி மிக்சரைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் போய்வந்தால் அமைந்துவிடும்.

அமைந்த பிறகு எண்ணுங்கள். மிக்சர் ஸ்க்ரூ ஒன்றரையிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் இருந்தால் ஐடில் ஜெட் சரியான அளவு. இரண்டரைக்கு மேல் போனால் ஜெட் சின்னது, ஐந்து எண் பெரியது போடுங்கள். ஒன்றரைக்குக் கீழே நின்றால் ஜெட் பெரியது, ஐந்து எண் குறையுங்கள். வேக ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றுக்கு மேல் உள்ளே போக வேண்டி வந்தால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அந்த அளவுக்குத் தகடு திறந்தால், ஐடிலிலிருந்து மெயினுக்கு மாறும்போது வேலை செய்ய வேண்டிய சின்னத் துளைகள் வெளிப்பட்டு, அவற்றின் வழியாகவும் பெட்ரோல் வரத் தொடங்கும். மிக்சர் ஸ்க்ரூ சொல்பேச்சு கேட்காது.

மாறாக, வேக ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்த பிறகும் சுற்று இறங்கவில்லை என்றால் இரண்டாவது பீப்பாயின் தகடு முழுக்க மூடவில்லை, அல்லது காற்று ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க பெட்ரோலோ கிளீனரோ அடிக்காதீர்கள், சூட்டில் தீப்பிடிக்கும். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கேஸ்கெட் ஓரத்திலும் குழாய் முனைகளிலும் பனிபோலத் தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் சத்தம் ஒரு கணம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் தெளிக்க வேண்டாம்.

எனக்கு வந்த கார்புரேட்டரில் முதல் பீப்பாயின் ஐடில் ஜெட் 60. ஸ்க்ரூ முக்கால் சுற்றிலேயே நின்றது, மோனாக்சைடு 5.2 சதவீதம். 55 போட்டேன், ஒன்றேகால் சுற்று, 3.4. 50 போட்டேன், ஒன்றேமுக்கால், 2.1 சதவீதம், ஹைட்ரோகார்பன் 240. உங்கள் எஞ்சினுக்கு இதே எண்தான் என்று இல்லை. ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதைக் கேளுங்கள், அது சொல்லும்.

கருவியின் எண்கள் சொல்வது

மோனாக்சைடு என்றால் ஆக்சிஜன் போதாமல் பாதி எரிந்த பெட்ரோல். அது கூடினால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். ஹைட்ரோகார்பன் என்றால் எரியவே எரியாமல் வெளியே வந்த பெட்ரோல். அது ரிச்சிலும் கூடும், பெட்ரோல் குறைந்த லீனிலும் கூடும், பிளக் மிஸ் ஆனாலும் கூடும், ஆயில் எரிந்தாலும் கூடும்.

முதல் சோதனைக்கு முந்தின நாள், இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகிவிட்டுப் போனேன். மோனாக்சைடு 0.3 வந்தது. ஹைட்ரோகார்பன் 1,600. வண்டி தேறவில்லை. கலவை அந்த அளவுக்கு மெலிந்தால் எல்லாத் தடவையும் பற்றாது. பற்றாத தடவைகளில் உள்ளே போன பெட்ரோல் அப்படியே வெளியே வந்துவிடும். அன்று அங்கேயே ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் இரண்டு எண்ணும் எல்லைக்குள் வந்தன. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய எஞ்சினில் மோனாக்சைடு 1.5-இலிருந்து 2.5-க்குள் வைத்தால் ஐடில் வழுவழுவென்று இருக்கும், ஹைட்ரோகார்பனும் கீழே நிற்கும்.

நான்கு வாயு அளக்கும் கருவி கிடைத்தால் ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரியமில வாயு 14 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எஞ்சின் நன்றாக எரிக்கிறது. ஆக்சிஜனும் மோனாக்சைடும் சேர்ந்தே கூடுதலாக இருந்தால், சைலன்சரில் எங்கோ ஓட்டை இருந்து வெளிக்காற்று கலக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அப்போது கருவி காட்டும் எதையும் நம்பி ஜெட்டை மாற்றாதீர்கள்.

சோதனை நாள்

ஆயிலை மாற்றிவிட்டுப் போங்கள். ரிச்சாக ஓடிய நாட்களில் பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கும். அந்த ஆவி பி.சி.வி. வழியாக மறுபடி உள்ளே போய் மோனாக்சைடைக் கூட்டும். எனக்கு ஆயில் மாற்றியதில் மட்டும் 0.4 சதவீதம் குறைந்தது. ஏர் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும். குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நில்லுங்கள். கார்புரேட்டரின் ரசீது, விலக்கு எண் இருந்தால் அதன் தாள், எந்தெந்த ஜெட் போட்டிருக்கிறது என்ற குறிப்பு, குழாய்கள் எங்கெங்கே போகின்றன என்று கையால் வரைந்த படம், நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். சோதனை செய்பவர் பானெட்டைத் திறந்து கேட்கும்போது, எந்தக் குழாய்க்கும் பதில் சொல்ல முடிகிறது.

மேடு பள்ளத்துக்கு

சாலையில் ஒழுங்காக ஓடும் வெபர், செங்குத்தான மேட்டிலும் பக்கச் சரிவிலும் முக்கித் திணறி ஆஃப் ஆகலாம். கிண்ணத்தின் பெட்ரோல் சாய்ந்து, மூச்சுத் துளை வழியாக நேரே தொண்டைக்குள் கொட்டுவதுதான் காரணம். கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஃப்ளோட். பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கு அளவு 35 மி.மீ., பித்தளை ஃப்ளோட்டுக்கு 41. மேல்மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, கேஸ்கெட்டோடு சேர்த்து அளக்க வேண்டும். நான் பிளாஸ்டிக்கை 36-க்குக் கொண்டுவந்தேன். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் கொஞ்சம் இறங்கும். ஸ்பிரிங் வைத்த நீடில் வால்வு போட்டேன், குலுக்கலில் அது திறந்து மூடித் தவிக்காது. ஃப்ளோட்டைத் தொட்டால் கலவையும் லேசாக மாறும். அதனால் இந்த வேலையைச் சோதனைக்கு முன்பே முடித்துவிட்டு, ஐடிலை மறுபடி அமையுங்கள்.

பழைய ஐசானைத் தூக்கிப் போடவில்லை. பெட்ரோலை முழுக்க வடித்து, உலர வைத்து, எல்லாத் துளைக்கும் மூடி போட்டு, அதன் லிவர்கள், ஸ்டட்கள், எண் ஒட்டிய குழாய்கள் எல்லாவற்றோடும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். விதி மாறினாலோ, தொழிற்சாலைப் பாகமே வேண்டும் என்று கேட்கும் இடத்துக்கு வண்டி போனாலோ, த்ராட்டில் தண்டுக்கு புஷ் அடித்து அதையே திரும்ப மாட்டிவிடலாம். பெட்டியின் மேல் அந்த ஆறு குழாய்களின் படத்தையும் ஒட்டியிருக்கிறேன்.